முன் சீட்டும் இரண்டு சட்டைகளும்

நீங்கள் வேலைக்கு வந்து சேர்ந்த அன்று காற்று இல்லை. கரிசல் காட்டுக்கு நடுவே வெள்ளைக் கோபுரங்கள் கை கட்டி நின்றன. உங்களில் ஒரு தங்கச்சி அண்ணாந்து பார்த்து, "இது எப்ப அண்ணாச்சி சுத்தும்?" என்று கேட்டாள். "காத்து வந்தா சுத்தும்" என்றேன். வேறு என்ன சொல்ல? காற்றை யாரும் சம்பளத்துக்கு வைக்க முடியாது. அது வரும்போது நாம் தயாராக இருக்கிறோமா என்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

அடுத்த சில நாட்களில் என் முட்டி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. காற்றாலையில் தலை நரைக்கும் முன்பே முட்டி நரைத்துவிடும். ஐம்பதைத் தொட்டவனை ஏணி பார்க்கிற பார்வையே வேறு. எனக்குக் குறையொன்றும் இல்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தெற்கே, வெயில் தெளிவாக இருக்கும் நாளில், இறக்கைகள் தெரியும். ஒன்று நின்றிருந்தால் எனக்குக் காபி இறங்காது. அவ்வளவுதான் என் ஓய்வு.

போகும்போது ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றீர்கள். இயந்திரத்தைப் பற்றியென்றால் தடிதடியாகப் புத்தகம் இருக்கிறது, அலமாரியில் தூசியோடு. நான் எழுதப் போவது அதில் இல்லாத ஒரு பாகத்தைப் பற்றி. பக்கத்தில் நிற்கிற ஆள். அவனுக்கு மாற்று உதிரி கிடையாது. அவன் மக்கர் பண்ணினால் எந்தக் கம்பெனிக்கும் போன் போட முடியாது.

பால்ராஜையும் கோவிந்துவையும் உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள், ஒருவன் மகள் சடங்குக்கு மற்றவன் பந்தல் போடுகிறான். அவர்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இருந்தார்கள். அதுவும் தரையில் இல்லை, வானத்தில்.

பால்ராஜ் குளத்தூர்க்காரன். உப்பளத்து வெயிலில் வளர்ந்தவன், அகலமான தோள், அதைவிட அகலமான வாய். கோவிந்து கடம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். ஒல்லி. எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்து வருவான். அதனால் மூக்குக்குப் போவது எப்போதும் அவன்தான்.

மூக்கு என்று நாம் சொல்வது என்னவென்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். கோபுரத்தின் உச்சியில் ஒரு வேன் அளவுக்குக் கூண்டு. அந்தக் கூண்டின் முன்னால், மூன்று இறக்கைகளும் வந்து சேர்கிற குமிழ். அதற்குள் ஓர் ஆள் தவழ்ந்து போய் வேலை பார்க்கலாம், இறக்கையைப் பூட்டி வைத்திருக்கிற வரை. பூட்டு எடுத்து இறக்கை சுற்றினால் உள்ளே இருப்பவனும் சேர்ந்து சுற்றுவான். இதற்குமேல் விளக்கமாக எழுத என் கை வரவில்லை.

அப்போது ஜீப் ஓட்டுவதும், கோபுரத்தின் அடியில் இயந்திரத்தை ஓட்டி நிறுத்துகிற சுவிட்சுப் பலகையைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. முட்டி முனக ஆரம்பித்திருந்த காலம். ஜீப்பில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்று மூக்குக்குப் போகிறவன் முன் சீட்டில் உட்காருவான். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. பின் பெஞ்சில் வந்தால் கரிசல் தடத்துக் குண்டும் குழியும் முதுகை முறித்துவிடும், முறிந்த முதுகோடு மூக்குக்குள் மடங்கிக் கிடக்க முடியாது. காரணம் அதுதான். ஆனால் நாளாக நாளாக அது வெறும் முதுகு விஷயமாக இல்லை. இன்றைக்கு ஆபத்தான இடத்துக்குப் போகிறவன் இவன் என்று மற்றவர்கள் வாய் திறக்காமல் செய்கிற மரியாதை அது. கோவிந்து ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துகிற சத்தத்தில் ஒரு மாப்பிள்ளைத்தனம் இருக்கும்.

அந்தச் சமயத்தில் புது இன்சார்ஜ் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். வயதில் எங்களுக்குச் சின்னவர். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுகிறவர், கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். வந்த முதல் வாரம் ஒரு காலையில் ஜீப் பக்கத்தில் நின்று, "பால்ராஜ், நீங்க முன்னாடி உக்காருங்க. போற வழியில கொஞ்சம் பேசணுமுங்க" என்றார். மற்ற நாட்களில் ஜீப்பின் பின்னால் தன் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், அன்று தானும் ஜீப்பிலேயே ஏறி, பால்ராஜுக்குப் பின்னால் உட்கார்ந்து, வழி நெடுக அவனோடு பேசிக்கொண்டே வந்தார். கோவிந்து பின் பெஞ்சில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு. மறுநாளும் பால்ராஜ் முன்னால் ஏறினான். மூன்றாம் நாள் அது அவன் சீட்டாகிவிட்டது.

கோவிந்து யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், டயருக்குக் காற்று பார்க்கிற சாக்கில், குனிந்துகொண்டே சொன்னான். "அந்த சாருக்குத் தெரியாது அண்ணாச்சி, புதுசு. இவனுக்குத் தெரியும்லா? 'சார், அது அவன் எடம்'னு ஒரு வார்த்தை. வாயி இருக்குல்லா அவ்ளோ பெருசா. ஒரு வார்த்தை வரலியே."

பால்ராஜிடம் கேட்டேன். "சீட்டுதானே அண்ணாச்சி, நான் என்ன பட்டாவா போட்டுக்கிட்டேன்? வேணும்னா வாயத் தொறந்து கேக்கட்டும்" என்றான்.

அன்றோடு பேச்சு நின்றது.

நீங்கள் நினைப்பதுபோல ஆபீஸ் சண்டை இல்லை இது. ஆபீஸில் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடலாம். இவர்கள் தினமும் ஒரே ஏணியில் ஏறி, ஒரே கூண்டுக்குள் முதுகோடு முதுகு உரச உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். மேலே ஒரு வாக்கிடாக்கி, கீழே என்னிடம் ஒன்று. போன் எல்லாம் ஜீப்போடு சரி, மேலே கொண்டுபோகக் கூடாது. அப்படியானால் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்கிறீர்களா?

"அண்ணாச்சி, அந்த ஆளு பெரிய ஸ்பேனரை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

கையெட்டும் தூரத்தில் இருக்கிறவனுக்குச் சொல்ல வேண்டியதை பால்ராஜ் எனக்குச் சொல்லுவான். நான் கீழே வேலிக்கருவை நிழலில் நின்றுகொண்டு, "கோவிந்து, பெரிய ஸ்பேனரைக் குடுப்பா" என்பேன். அதே வாக்கிடாக்கியில் என் குரல் கோவிந்துவுக்கும் கேட்கும். "அது அவரு காலுக்கடியிலதான் கெடக்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்று அங்கிருந்தே சத்தம் போடுவான். பால்ராஜ் எடுத்துக்கொள்வான். ஒரு ஸ்பேனர் ஒரு முழம் நகர்வதற்கு, குரல் கோபுரம் முழுக்க இறங்கி வந்து மறுபடி ஏறிப் போகும்.

சாயங்காலம் கடம்பூரில் ஜீப்பை நிறுத்தினால் போளி வாங்குவார்கள். பால்ராஜ் ஒன்றை இரண்டாகப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டி, "பின்னால இருக்கவருக்குக் குடுங்க" என்பான். கோவிந்து வாங்கித் தின்றுவிட்டு, "நெய்யி கம்மின்னு சொல்லுங்க" என்பான். நான் சிரித்துத் தொலைவேன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஒரு நாள் வரை.

அது ஆடிக் காற்று. உங்களுக்கு இன்னும் ஓர் ஆடி ஆகவில்லை. மேற்கே மலை வாயைத் திறந்து ஊதுகிற மாதிரி வரும். துணி காயப் போட்டால் அடுத்த ஊரில் போய் எடுக்க வேண்டும். ஆட்டுக்குட்டி சாய்ந்துகொண்டு நடக்கும். வருஷத்தின் மொத்தச் சம்பாத்தியமும் அந்த மாதங்களில்தான், அந்த நாளில் பார்த்து ஓர் இயந்திரம் படுத்துக்கொண்டது. அதன் சொந்தக்காரர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருக்கும் முதலாளி. பொறுக்க முடியாமல் அவரே காரைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை காற்றில் படபடக்க, தலைமுடியைக் கையால் அமுக்கிக்கொண்டு நின்றார்.

"தம்பி, காத்து சும்மால்லா போகுது" என்றார் இன்சார்ஜிடம். அவர் குரலில் அதட்டல் இல்லை. தண்ணீர்க் குழாய் உடைந்து ரோட்டில் ஓடுவதைப் பார்க்கிறவன் குரல் அது. "சும்மா போகுதே!"

"ஆச்சுங்க, இன்னும் கொஞ்ச நேரமுங்க" என்ற இன்சார்ஜ் என்னைப் பார்த்தார். நான் வாக்கிடாக்கியில் மேலே கேட்டேன். "முடியப் போகுது அண்ணாச்சி" என்றான் பால்ராஜ். கவனித்தீர்களா? முதலாளி இன்சார்ஜிடம், இன்சார்ஜ் என்னிடம், நான் பால்ராஜிடம், பால்ராஜ் என் வழியாகப் பக்கத்தில் இருக்கிற கோவிந்துவிடம். அந்தக் காட்டில் அன்று யாரும் யாரோடும் நேராகப் பேசவில்லை. காற்று ஒன்றுதான் எல்லோரிடமும் நேராகப் பேசியது.

கொஞ்ச நேரத்தில் வாக்கிடாக்கி கரகரவென்று இழுத்து அடங்கிவிட்டது. மேலே பேட்டரி போய்விட்டது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்போது கோபுரத்துக்கு உள்ளே பலகையில் பச்சை விளக்கு எரிந்தது.

பச்சை என்றால், மேலே பூட்டை எடுத்தாயிற்று, நிறுத்தப் பொத்தானை விடுவித்தாயிற்று, கீழே சாவியைத் திருப்பினால் இயந்திரம் ஓடும். வேலை முடிந்ததும் ஆட்கள் கூண்டிலேயே இருந்து சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்பது வழக்கம். அதனால் மேலே ஆள் இருக்கும்போதே ஓட்டிப் பார்ப்போம். கூண்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. மூக்கில் இருக்கக் கூடாது.

இன்சார்ஜ் வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டார். "வந்துருச்சுங்க! திருப்புங்க அண்ணாச்சி."

"ஏம்ப்பா, வந்தாச்சுல்லா, இன்னும் என்ன பாக்குற?" என்றார் முதலாளி வெளியிலிருந்து.

என் கை சாவியில் இருந்தது. திருப்பவில்லை.

தம்பி தங்கச்சிகளா, இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைக்க நினைக்கிறேன். மேலதிகாரி சொல்லுகிறார், பணம் போட்டவர் நிற்கிறார், விளக்கும் பச்சையாக இருக்கிறது. சட்டப்படி எல்லாம் சரி. மனசு மட்டும் சரியில்லை. 'முடியாது' என்று முதலாளிக்கு முன்னால் அவரிடம் சொல்லியிருந்தால், இன்சார்ஜ் தன் மானத்துக்காகவே என்னைத் தள்ளிவிட்டுத் திருப்பியிருப்பார். புதிதாக வந்தவர், வயதில் சின்னவர், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க. இந்தச் சத்தத்துல கேக்க மாட்டேங்கு" என்றேன். உள்ளே வந்தார். இரும்புக் கதவைச் சாத்தினேன். காற்று வெளியே நின்றுவிட்டது. கோபுரத்துக்குள் ஒரு பெரிய சங்குக்குள் இருக்கிற மாதிரி ஓர் அமைதி.

"சார், அவிய ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாவ."

"என்னுங்க?"

"பால்ராஜும் கோவிந்தும். என் மூலமாத்தான் பேசுவாவ. இப்ப வாக்கிடாக்கி செத்துப் போச்சு. இந்தப் பச்சையப் போட்டவன் மத்தவனைக் கேட்டுட்டுத்தான் போட்டானான்னு எனக்குத் தெரியாது. கோவிந்து மூக்கை விட்டு வெளிய வந்தத நான் காதால கேக்கல."

அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. "பேசிக்க மாட்டாங்களா? எதுக்குங்க?"

"நீங்க பால்ராஜை முன் சீட்ல உக்கார வச்சீங்கல்லா சார். அதுக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. பைத்தியக்காரக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோம் என்ற பார்வை அது. நியாயமான பார்வை. சீட்டின் கதையை இரண்டு வரியில் சொன்னேன். பிறகு சாவியை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க இன்சார்ஜ். நீங்க சொன்னா சரி. ஆனா சாவி உங்க கையில இருக்கட்டும் சார்."

சொன்னேனே தவிர, பலகையை என் முதுகால் மறைத்துக்கொண்டுதான் நின்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு இல்லை. இருக்கவும் வேண்டாம்.

சாவியைப் பார்த்தார். சின்னச் சாவி. பித்தளை வளையம். அதன் எடை அவர் கையில் ஏறுவதை நான் பார்த்தேன். பிறகு மூடிய கையோடு கதவைத் திறந்து வெளியே போனார். முதலாளியிடம் அவர் சொன்னது காற்றில் பாதிதான் கேட்டது. "இன்னும் ஆகலீங்க. ஆளுங்க பத்திரமா இருக்காங்கன்னு தெரியற வரைக்கும் ஓட்ட மாட்டமுங்க. நான்தானுங்க பொறுப்பு."

அவர் எங்களுக்கு இன்சார்ஜ் ஆனது அந்த நிமிஷம்தான். கம்பெனி உத்தரவு அதற்குச் சில மாதம் முந்தியே வந்திருந்தது.

பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

மேலே யாரோ நிறுத்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். ஏன்? யாருக்கு என்ன? நான் ஏணியில் கால் வைத்தேன், முட்டி வேண்டாம் என்றது. அதற்குள் வெளியிலிருந்து இன்சார்ஜ் கத்தினார். "அண்ணாச்சி! மேல பாருங்க!"

ஓடி வந்து பார்த்தேன். கூண்டின் மேல்மூடி திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு கை, நம் கம்பெனியின் நீலச் சட்டையைப் பிடித்து ஆட்டியது. பக்கத்தில் இன்னொரு கை. இன்னொரு நீலச் சட்டை. ஆடிக் காற்றில் இரண்டும் கொடிபோல விறைத்து நின்றன.

"ரெண்டு" என்றார் இன்சார்ஜ். மூச்சு விட்டுவிட்டு மறுபடியும், "ரெண்டுங்க அண்ணாச்சி."

வாக்கிடாக்கி செத்த பிறகு, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று கீழே சொல்ல அவர்களுக்குத் தெரிந்த பாஷை அது. அந்த நேரம் பார்த்து ஒரு சட்டை பிய்த்துக்கொண்டு பறந்தது. சோளக் காட்டுக்கு மேலே, மின்கம்பிகளுக்கு மேலே, ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி கிழக்கே போயே போய்விட்டது. முதலாளி அது மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பரவால்ல தம்பி. காத்து சும்மா போகல."

மேலே நடந்தது இவ்வளவுதான். கோவிந்து வேலை முடித்து வெளியே வந்ததை பால்ராஜ் பார்த்திருக்கிறான். கருவிப் பை மூடிக் கிடந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டான். துடைத்த துணியை உள்ளேயே விட்டுவிட்டோமே என்று கோவிந்து மறுபடி மூக்குக்குள் போனதை அவன் பார்க்கவில்லை. சாதாரணமாக என்றால், "அந்த ஆளு வெளிய வந்தாச்சான்னு கேளுங்க அண்ணாச்சி" என்று என் வழியாகக் கேட்டிருப்பான். வாக்கிடாக்கி செத்துவிட்டது. நேரே கேட்க வாய் வரவில்லை. பூட்டை எடுத்தான். பொத்தானை விடுவித்தான்.

மேலே கொண்டு போவது ஒரே தண்ணீர் பாட்டில். சண்டையிலும் அதை மட்டும் அவர்கள் இரண்டாக்கவில்லை. ஒருவன் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவான், மற்றவன் கை வந்து வாங்கிக்கொள்ளும். அன்றும் பால்ராஜ் குடித்துவிட்டுப் பின்னால் நீட்டினான். கை வரவில்லை. நீட்டியபடியே இருந்தான். கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை.

"ஏலே கோவிந்து!"

மூக்குக்குள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்ததாம். "ஏமிரா?"

தெலுங்கில் 'என்னடா?', அவன் வீட்டுக்குள் பேசுகிற பாஷை. தன் அண்ணன் தம்பி கூப்பிட்டால் சொல்கிற பதில். அத்தனை மாதத்துக்குப் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவனுக்கு அதுதான் வந்திருக்கிறது. பால்ராஜ் பொத்தானை அடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கோவிந்து துணியோடு தவழ்ந்து வந்து, "என்னல, ஏன் இப்படி வேத்துருக்கு?" என்று கேட்டிருக்கிறான். பால்ராஜ் பாட்டிலை நீட்டினானாம்.

இறங்கி வந்தபோது பால்ராஜ் வெற்றுடம்பு. பறந்தது அவன் சட்டை. இன்சார்ஜ் அவர்களைத் திட்டவில்லை. ஜீப்பின் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இன்னிக்கு மூக்குக்குப் போனது யாருங்க? வந்து உக்காருங்க. இத்தனை நாளா எனக்கு யாரும் சொல்லலீங்க" என்றார்.

கோவிந்து அங்கேயே நின்றான். "அவன் உக்காரட்டும் சார். சட்டையில்லாம பின்னால உக்காந்தா பெஞ்சு சுடும்லா."

"ஏலே, நீ உக்காருல."

"நீ உக்காருல மொதல்ல."

அவர்கள் அடித்துக்கொண்ட அழகைப் பார்த்துவிட்டு இன்சார்ஜ் கடைசியில் இரண்டு பேரையும் முன்னால் நெருக்கி உட்கார வைத்தார். தான் பின்னால் ஏறிக் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டார். கரிசல் தடத்துக் குழி ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரு 'அம்மாடி' கேட்டது. நான் ஒரு குழியையும் ஒதுக்கவில்லை.

மறுநாள் அவர் கொண்டுவந்ததுதான் இன்று நீங்கள் கடைப்பிடிக்கிற வழக்கம். "இனிமே யாரும் தன்னைப் பத்திச் சொல்ல வேண்டாமுங்க. கூட இருக்கறவரைப் பத்திச் சொல்லுங்க. 'நான் வந்துட்டேன்'னா கணக்கில்லீங்க. 'அவர் வந்துட்டாரு, நான் பார்த்தேன்'னு பேரோட சொல்லணும்." அதனால்தான் நம் சைட்டில் சாவியைத் திருப்புவதற்கு முன் ஒருவர் பெயரை இன்னொருவர் சொல்கிறோம். முதல் தடவை அதைக் கேட்டு நீங்கள் சிரித்தீர்கள், நான் பார்த்தேன்.

சண்டையே போடாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, யாருக்கும் இல்லை. இத்தனை வெயிலில் இத்தனை உயரத்தில் இருந்தால் கோபம் வரத்தான் செய்யும். போடுங்கள். ஆனால் நேராகப் போடுங்கள். திட்டுவதாக இருந்தாலும் அவன் பெயரைச் சொல்லித் திட்டுங்கள். 'அந்த ஆளு' என்று சொல்லிவிட்டால், அவன் இருக்கிறானா இல்லையா என்று பார்க்கிற கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. மேலதிகாரிக்கு உங்கள் வழக்கம் தெரியவில்லை என்றால் பழிக்காதீர்கள். சொல்லுங்கள். அவர் வேறு மண்ணில் இருந்து வந்தவர். ஜீப்பில் எந்தச் சீட்டு யாருடையது என்று எந்த உத்தரவிலும் எழுதி அனுப்ப மாட்டார்கள்.

என் கடைசி நாளில் ஒருமுறை மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். "முட்டிங்க?" என்றார் இன்சார்ஜ். "ஏறும்போது வலிக்காது சார், எறங்கும்போதுதான்" என்றேன். சிரித்துவிட்டு கோவிந்துவை என்னோடு அனுப்பினார். முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார்கள். மேலே நின்று, மூடியைத் திறந்து தலையை நீட்டினேன். உழுது போட்ட கரிசல், தொடுவானம் வரை, அப்போதுதான் மழை விட்டு ஈரம் மினுங்கியது. காற்று என் காதுக்குள் புகுந்து ஏதோ கேட்டது. மூடியைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

கீழே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். பலகையருகே பால்ராஜ், கையில் சாவி. "யாரெல்லாம் எறங்கியாச்சு?" என்று சத்தம் போட்டான். நான் வாயைத் திறந்தேன். கோவிந்து கையைக் காட்டி நிறுத்தினான்.

"அண்ணாச்சி எறங்கியாச்சு. நான் பாத்தேன்."

பால்ராஜ் இன்னும் சாவியைத் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். என் முறைக்காக.

"கோவிந்து எறங்கியாச்சு" என்றேன். "நான் பாத்தேன்."

என் உத்தியோகத்தில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். தலைக்கு மேலே இறக்கை சுற்ற ஆரம்பித்தது.